சேர்மனுக்காகச் செப்பனிட்ட பாதை

எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்குச் சட்டைத் துணியைக் கொடுத்துவிட்டு நாளைக்கே வந்து “முடிஞ்சிருச்சா?” என்று கேட்பவர்களிடம் நான் பேசும் பேச்சுக்கு, வேறு ஊராக இருந்தால் இந்நேரம் கடையை மூடியிருப்பேன். இங்கே தையல் மெஷின் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவளைப் பிடித்துப் பிரஜைகள் குழுவுக்குச் செயலாளராகப் போட்டார்கள் என்றால், அந்த வேலைக்கு வேறு யாரும் வாய் திறக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மாத்தளையிலிருந்து வடக்கே போகும் பெரிய வீதியில், பலாபத்வலைப் பக்கமாகப் பிரிந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தோட்டம். கொஞ்சம் றப்பர், கொஞ்சம் கொக்கோ, நிழல் மரங்களிலெல்லாம் மிளகுக்கொடி. கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தைத் தாண்டி ஒரு சின்னப் பாலம் வரும். அதுவரைக்கும் தார் போட்டிருக்கிறது. பாலத்துக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கோயிலுக்கும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் புது லயத்துக்கும் போகும். வலது பக்கம் செங்குத்தாக ஏறிப் பழைய லயத்துக்குப் போகும். இரண்டையும் பாதை என்று சொல்வது நம்முடைய பெருந்தன்மை. மழை பெய்தால் அவை வாய்க்கால்.

பழைய லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். றப்பர் பால் வெட்டும் வேலை. அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பஜாரில் ஆட்டோ ஓட்டும் முஸ்லிம் நானா ஒருவர்தான் அவரை ஏற்றிக்கொண்டு போவார். ஆட்டோ பாலத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வீடு வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அதில் அவரை உட்கார வைத்துப் புது லயத்து இளைஞர்கள் தோளில் சுமந்து போவார்கள்.

போன ஐப்பசி மழையில் அந்த ஏற்றத்தில் சுமந்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள். அவருக்கு இடுப்பில் அடி. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. உடம்பெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிய காரியம். இனி ஒரு தடவைகூடத் தவறக்கூடாது, அடுத்த மழைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். டவுனுக்குப் போவதென்றால் அக்கா பேர் வெட்ட வேண்டும், தோட்டத்துப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். பேர் வெட்டினால் வேலையும் போகும், குடியிருக்கும் காம்பராவும் போகும். டவுனில் என்ன செய்து சாப்பிடுவது? பாதை சரியானால் ஆட்டோ வாசலுக்கே வரும்; அக்கா எங்கேயும் போகவேண்டியதில்லை. எங்கள் குழு தொடங்கியபோது என் மனதில் இருந்தது இந்த ஒன்றுதான்.

முதல் கூட்டத்தைக் கோயிலில் வைத்தோம். நிறையப் பேர் வந்தார்கள். நானும் சந்தோஷப்பட்டு, கிராம சேவகர் யார், பிரதேச சபை என்ன செய்யும், மாகாணத்துக்கு என்ன அதிகாரம் என்று பயிற்சி வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒப்பித்தேன். முடிந்ததும் ஒரு பாட்டா எழுந்து, “எல்லாஞ் சரி தாயி, என்னமும் குடுப்பாங்களா?” என்று கேட்டார். எல்லாரும் அதற்காகத்தான் அவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒன்றும் கொடுக்கமாட்டார்கள், நாம்தான் போய்க் கேட்க வேண்டும் என்றேன். அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரு பாயில் உட்கார வைத்துவிடலாம்.

எங்களுக்குப் பயிற்சி நடத்தியவர் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துப் பக்கம். விண்ணப்பம் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது, பதிலே வருவதில்லை என்று அவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “பிரதேச சபைக் கூட்டம் மாசா மாசம் நடக்குதுதானே. சனம் பின்னுக்கு இருந்து பாக்கலாம். அது உங்கட உரிமை. ஒருக்கா போய் இருந்து பாருங்கோவன்” என்றார். அங்கே பேச விடுவார்களா என்று கேட்டேன். “பேச ஏலாது. ஆனா ஆக்கள் பாக்கினம் எண்டால் அவையின்ர கதை கொஞ்சம் மாறும்” என்றார்.

பேசக்கூடாத இடத்துக்கு என்னை அனுப்புவது எத்தனை பெரிய தண்டனை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் போனோம். நானும் இன்னும் சில பெண்களும், கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அரை நாள் பேரையும் அதற்கான சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போனோம். வாசலில் இருந்த பியூன் என்ன வேணும் என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்றும் வேண்டாம், கூட்டம் பார்க்க வந்தோம் என்றேன். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு பதிலைக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்துதான் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரே ஒரு தெருவிளக்கைப் பற்றி உறுப்பினர்கள் வெகுநேரம் சண்டை போட்டார்கள். எல்லாம் சிங்களத்தில்தான், எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. என் பக்கத்தில் இருந்தவள் காதில் சொன்னாள்: “நம்ம பீலிக்கரை மாதிரியே இருக்கு.” பீலியில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் எங்கள் பெண்கள் போடும் சண்டையில் கொஞ்சம் சுவாரஸ்யம் கூடுதலாக இருக்கும், மற்றபடி அவள் சொன்னது சரிதான். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம். ஆனால் அன்றைக்கு ஒரு பயம் எனக்கு விட்டுப்போயிற்று. இவர்களும் நம்மைப்போலப் பேசுகிறவர்கள்தான், நம்மைப்போலக் கோபிக்கிறவர்கள்தான் என்று தெரிந்தது.

அடுத்த மாதமும் போனோம். எங்களுக்கு மேலே இருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். அதற்கடுத்த மாதம் தேநீர் இடைவேளையில் சேர்மனே எங்களிடம் வந்தார். கொஞ்சம் தடித்த, வெயிலில் கறுத்த மனிதர். நீங்கள் யார், ஏன் ஒவ்வொரு மாதமும் வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே வாயைக் கட்டிக்கொண்டு அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். பாதையைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். சித்திரைப் புது வருஷம் கழிந்ததும் நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொன்னார். திகதியும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுதான்.

சேர்மன் வருவதற்கு முன் இரண்டு நாள் நான் தோட்டத்தில் இல்லை. பெரிய வீதியில் இன்னும் வடக்கே இருக்கும் நாலந்தாவில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. திரும்பி வந்து பாலத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வழி மாறி வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகம். குழியெல்லாம் கல் போட்டு நிரப்பி, மேலே கிரவல் பரப்பி, மட்டமாக இடித்திருந்தது. இரண்டு பக்கமும் புல் செதுக்கி, ஓரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பாலத்தடியில் வாழைமரம். அங்கிருந்து கோயில் வரைக்கும் மாவிலைத் தோரணம். பழைய லயத்துக்கு ஏறும் அந்தப் பாழாய்ப்போன ஏற்றத்தைக்கூட வெட்டிச் சரித்து, மண் கொட்டி, கம்பளம் விரித்ததுபோல வைத்திருந்தார்கள்.

கோயில் தலைவர் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், திருவிழா நடத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. “எப்பிடி?” என்று கேட்டார். “ரெண்டு நாளா சிரமதானம். ஒரு வீடு பாக்கியில்ல. பொம்பளைங்க, வயசாளிங்க எல்லாரும் வந்தாங்க. சேர்மன் வாறாருல்ல?”

“அவரு வாறதே ரோட்டு மோசம்னு பாக்கத்தானே?” என்றேன்.

“அதுக்காக? மோசமான ரோட்டுல அவர வரச் சொல்ல முடியுமா?” என்றார் தலைவர். அவர் முகத்தில் குறும்பு ஏதும் இல்லை. உண்மையாகவே என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை.

அதற்குள் கீழே தப்புச் சத்தம் கேட்டுவிட்டது. சேர்மனின் ஜீப் ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மாலை, பொன்னாடை, ஆரத்தி. சேர்மனுக்கு ஒரு பொன்னாடை, கூட வந்த உறுப்பினருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு பேச்சு. பிள்ளைகளின் வரவேற்பு நடனம். பிறகு வடை, பனிஸ், தேத்தண்ணி. எல்லாம் முடிந்து எனக்குப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தபோது சேர்மன் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். எங்கள் பாதை மிக மோசம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சுண்ணாம்பு அடித்த கற்களைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பாவமாகப் பார்த்தார். “இதைவிட மோசமான பாதைகள் எங்களிடம் எவ்வளவோ இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்ப்போம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் போன பிறகும் நன்றியுரை நடந்தது.

மறுநாள் பின்னேரம் ஒரு மழை. கிரவல், மண், சுண்ணாம்பு எல்லாம் ஆற்றோடு போயிற்று. எஞ்சியது வாழைமரம் மட்டும்தான். அதையும் யாரோ மாட்டுக்கு வெட்டிப்போனார்கள்.

நான் யாரிடமும் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் இருந்தால்தான் அவர்களுக்குப் பயம். நானா மட்டும் ஆட்டோவுக்குச் சீட்டு உறை தைக்கவந்தவர், துணியை வைத்துவிட்டுச் சிரித்தார். “தங்கச்சி, பொண்ணு பாக்க வாற மாதிரி ரோட்ட சோடிச்சி வெச்சிருந்தீங்க. பொறகு அந்த மனுசன் குத்தமா சொல்லுவாரு?” எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததால் கோபம் கூடிற்று.

அந்தக் கோபத்தோடு பழைய லயத்து அக்காவிடம் போனேன். பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வாளியில்தான் அவரும் கிரவல் சுமந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். “மத்தவங்க செஞ்சாங்க சரி, நீங்களுமா அக்கா? இது யாருக்காகக் கேட்ட ரோட்டு?” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. “வாற மனுஷன் நம்மள என்னன்னு நெனப்பாரு? தோட்டத்து ஆளுக குப்பையில கெடக்குறாங்கன்னு போய்ச் சொல்ல மாட்டாரா? நம்ம கஷ்டம் நம்மளோட இருக்கட்டும். வீட்டுக்கு வாறவங்களுக்கு எதுக்கு அது?”

பள்ளிக்கூட ஆய்வுக்கு யாராவது வந்தால் கிழிந்த பாவாடையோடு இருக்கும் பிள்ளையைக் கடைசி வாங்குக்கு அனுப்பி வளர்த்த ஊர் இது. நானும் அந்தக் கடைசி வாங்கில் உட்கார்ந்தவள்தான். ஆனாலும் விடவில்லை. இன்னொரு முறை சேர்மனைக் கூட்டிவருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளாகப் பார்த்து வரச் சொல்கிறேன், அண்ணனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றேன். அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்தார். “என் புருஷன நான் வேடிக்க காட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இதையெல்லாம் உள்ளே படுத்திருந்தவர் கேட்டிருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு நாங்கள் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தோம். இடைவேளையில் நானே சேர்மனிடம் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: “நீங்கள் பார்த்தது எங்கள் பாதை இல்லை ஐயா. நீங்கள் வருகிறீர்கள் என்று எங்கள் ஆட்கள் இரண்டு நாள் சிரமதானம் செய்து போட்டது. மறுநாளே கரைந்துவிட்டது.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் பிறந்தது லக்கலப் பக்கத்தில் ஒரு கிராமமாம். சிறு வயதில் ஒருநாள் யானை வந்து அவர்கள் வீட்டுச் சுவரை இடித்துவிட்டுப் போயிற்றாம். சேதத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்த அன்று, அவருடைய அம்மா அந்த ஓட்டையை மறைத்துப் பெட்டியில் இருந்த நல்ல படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாராம். வந்தவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டு, பெரிய சேதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். “அந்தச் சுவரை அப்பா சொந்தச் செலவில்தான் கட்டினார். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தோரணத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன்” என்றார். பிறகு, “இனிமேல் சொல்லாமல் வருகிறேன்” என்றார்.

சொன்னால்கூட அவர் வருவாரோ மாட்டாரோ, சொல்லாமல் எங்கே வரப்போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம், காலையிலிருந்து விடாத மழை. மழையில் பால் வெட்டு இல்லாததால் பழைய லயத்தில் எல்லாரும் வீட்டில்தான். நான் புது லயத்தில் உட்கார்ந்து ஒரு கவுனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். காற்சட்டை முழங்கால் வரை மடித்திருந்தது, செருப்பு கையில், பின்பக்கமெல்லாம் சேறு. றப்பர் ஷீட் வாங்க வந்த வியாபாரி வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து, “எங்கயும் அடிபட்டிச்சா?” என்று சிங்களத்தில் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் சேர்மன். ஜீப் பாலத்திலேயே நின்றுவிட்டதாம். பொன்னாடைக்கு அன்றைக்கு எங்கே போவது? முகம் துடைக்க ஒரு துவாயைக் கொடுத்தேன்.

நான் முன்பு சொன்ன அந்தப் பழைய லயத்துக்குப் போகவேண்டும் என்றார். நான்தான் கூட்டிவந்து காட்டுகிறேன் என்று அக்கா நினைத்துவிட்டால் வாழ்நாளுக்கும் என்னோடு பேசமாட்டார். ஆனால் வந்தவரைத் தடுக்கவும் முடியாது. ஏற்றத்தில் அவர் இன்னொரு முறை வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா கதவைத் திறந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தச் சேற்றுக் கால்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மழையில் நனைந்து வந்தவரை நிற்க வைப்பதா? உட்கார ஏதாவது கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கதிரை. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, பின்பக்கச் சுவரில் சாத்தி வைத்திருந்த அந்தக் கதிரை. அக்கா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மூங்கிலை அவிழ்ப்பதென்றால் நேரமாகும். கயிறு நனைந்து இறுகியிருந்தது. கடைசியில் அதை அப்படியே தூக்கி வந்து, முந்தானையால் துடைத்து, “ஒக்காருங்க மாத்தையா” என்றார்.

சேர்மன் உட்கார்ந்தார். மூங்கில்கள் அவருக்கு இரண்டு பக்கமும் நீண்டு, ஒன்று வாசலை மறித்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கட்டிலில் இருந்த அக்காவின் கணவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “மகே வாஹனய, மாத்தையா” என்றார். என்னுடைய வாகனம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சேர்மன் சிரிக்கவில்லை. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன், எழவும் இல்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே பிளேன்டீ குடித்தார். எந்த நாளில் ஆஸ்பத்திரி, எத்தனை பேர் தூக்குவார்கள், அவர்கள் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவின் கணவர் கூசாமல் பதில் சொன்னார். வேடிக்கை காட்டுகிற மாதிரி இல்லை. இரண்டு ஆண்கள் உட்கார்ந்து கதைக்கிற மாதிரித்தான் இருந்தது.

ஆடி பிறந்து சில நாளில் சபையிலிருந்து அழைப்பு. மாகாணத்திலிருந்து கிராமப் பாதைகளுக்குக் கொஞ்சம் ஒதுக்கீடு வந்திருக்கிறது. எங்கள் பெயரும் இருக்கிறது. ஆனால் பாலத்துக்கு அப்பால் ஒரு கிளைக்குக் கொங்கிரீட் போடத்தான் போதும் என்றார் சேர்மன். கோயில் பக்கமா, பழைய லயமா என்று ஊர் கூடிச் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கதிரையில் உட்கார்ந்த மனிதர்தானே, அவரே சொன்னால் என்ன என்று கேட்டேன். “நான் ஒரு பக்கத்தைச் சொல்லிவிட்டு இங்கே இருந்துவிடுவேன். நீங்கள்தானே அங்கே தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும்?” என்றார். மக்கள் பங்கேற்பு, மக்கள் பங்கேற்பு என்று எல்லா மேடையிலும் பேசியவள் நான். அது நிஜமாக வந்து கையில் விழுந்தபோது, யாராவது பெரியவர்கள் தீர்த்துவைத்தால் தேவலை என்று எனக்கும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கூடினோம். முதல் கூட்டத்தைவிடக் கூட்டம் அதிகம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, செயலாளர் எந்தப் பக்கமும் பேசக்கூடாது என்று விதி வைத்தோம். இரண்டாவது விதியை முன்மொழிந்தவள் நானே. என்னை எனக்குத் தெரியும்.

கோயில் தலைவர் முதலில் பேசினார். அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. புது லயத்தில்தான் வீடுகள் அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா அந்தப் பக்கம்; பிள்ளைகள் சேற்றில் நடக்கிறார்கள். தேர் இழுக்கும்போது சில்லு புதைந்து நிற்கிறது. சாவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஊர் கூடுவது கோயிலடியில். “பழைய லயத்துல ஒரு நோயாளி இருக்காரு. நாம இல்லேன்னு சொல்லல. நம்ம பயலுக தூக்கிட்டுப் போறாங்க. இவ்வளவு காலமும் கொற வெச்சோமா? இனியும் தூக்குவாங்க.” பலர் தலையாட்டினார்கள். கதிரையைச் சுமக்கும் இளைஞர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தன் தோளைத் தடவிக்கொண்டான். எனக்கு நாக்கு அரித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நூறு பிளவுஸை அவிழ்த்துத் தைக்கச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பொறுமை எனக்கு வந்திருக்காது.

இன்னும் சிலர் பேசினார்கள். கோயில் பக்கம்தான் போகும் என்று தெரிந்துவிட்டது. வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டேன். தூணோரம், பெண்களுக்கு நடுவிலிருந்து அக்கா எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“எனக்கு அந்த ரோட்டு வேணும்” என்றார்.

எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஊருக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டும், சாமிக்கு வேண்டும் என்றுதான் கேட்போம்.

“பயலுக தூக்குறாங்க. கொற சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். ஆனா ஒவ்வொரு தடவையும் இன்னைக்கு எந்த வீட்டுக் கதவத் தட்டுறது, யாரு வேலையக் கெடுக்குறதுன்னு மனசுக்குள்ள செத்துச் செத்துப் போறேன். ஐப்பசிக்கு முன்னாடி பேரு வெட்டிட்டு டவுனுக்குப் போயிருவோம்னுதான் இருந்தேன். தொரைக்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்குப் போக இஷ்டமில்ல. இங்கதான் பொறந்தேன். எனக்கு ஆட்டோ வாசலுக்கு வரணும்.”

டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ச் சொல்லுமளவுக்கு அக்கா முடிவெடுத்துவிட்டார் என்பது எனக்கே தெரியாது. கோயில் தலைவரின் முகம் கறுத்துவிட்டது. “ஏம்மா, இத மொதல்லயே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றார்.

“யாரும் கேக்கலியேண்ணே” என்றார் அக்கா.

அதில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மாதாமாதம் சேலை கட்டிக்கொண்டு போய்ச் சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். அரசாங்கம் எங்களைக் கேட்கவில்லை என்று எத்தனை கூட்டத்தில் கத்தியிருக்கிறேன். பக்கத்து லயத்தில் இருப்பவரை உட்கார வைத்து, உனக்கு என்ன வேணும் என்று நாங்களும் கேட்டிருக்கவில்லை.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “சாமி நம்ம தோளுல வரும். அதுக்கு ரோட்டு அப்பறம் பாப்போம். பழைய லயத்துக்குன்னு சொல்றவங்க கையத் தூக்குங்க” என்று சொல்லிவிட்டு முதலில் தன் கையைத் தூக்கினார். சுமக்கும் இளைஞர்கள் எல்லாரும் தூக்கினார்கள். அப்புறம் மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. புது லயத்தில் சிலர் கடைசிவரை தூக்கவில்லை. அது அவர்கள் உரிமை. சேற்றில் நடப்பது அவர்கள் பிள்ளைகளும்தான். ஐப்பசிக்கு முன்பே பழைய லயத்துக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். அக்கா பேர் வெட்டவில்லை. கோயில் பக்கத்துக்காக இப்போதும் மாதாமாதம் சபைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறோம், தலைவரும் வருகிறார்.

அன்றைக்குக் கைகளை எண்ணும் வேலை எனக்கு. எண்ணிக்கொண்டே தூண் பக்கம் வந்தேன். அக்கா மடியில் கை இரண்டையும் கோர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கைகள் எழுந்து நிற்க, அவர் கை மட்டும் கீழே.

“அக்கா, உங்க கை?” என்றேன்.

“எனக்கே நான் எப்பிடி தூக்குறது?” என்றார்.

“உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கு. தூக்குங்க.”

தோள் மட்டத்துக்குத் தூக்கினார். இன்னும் மேலே, எனக்குத் தெரியவில்லை என்று அதட்டினேன். கண் கலங்கியிருந்ததால் உண்மையிலேயே சரியாகத் தெரியவில்லை. அவர் கையைத் தலைக்கு மேலே நீட்டினார். அதையும் சேர்த்து எண்ணினேன்.